‘மூன்றாம் மூட்டை’யின் முடிச்சை நான் ஏன் அவிழ்த்தேன்

“மதிப்புரையாளர் செய்யக் கூடாதவை” என்ற தலைப்பின் கீழ் என் பெயர் அச்சாகியிருக்கிறது. தட்டச்சு செய்த இரண்டு பக்கக் குறிப்பு, தேதி 9-4-1993. நூல் மதிப்புரை எழுதப் பழகும் இளைஞர்கள் திருவண்ணாமலையில் கூடியபோது கொடுத்தார்களாம். அதை எனக்கு அனுப்பிய இளைஞர் ஓரத்தில் மையால் எழுதியிருந்தார்: “ஐயா, தங்கள் தரப்பையும் அறிய விரும்புகிறோம்.”

என்மேல் உள்ள குற்றச்சாட்டு இது: “1959இல் வெளிவந்த ‘மூன்றாம் மூட்டை’ என்ற மர்ம நாவலின் மதிப்புரையில், குற்றம் எப்படி நடந்தது, குற்றவாளி எப்படி அகப்பட்டான் என்பதை எல்லாம் முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டார். ஒரு புதிய எழுத்தாளரின் உழைப்பு வீணாயிற்று.”

இதில் பாதி தவறு. குற்றம் எப்படி நடந்தது என்று சொன்னேன். முதல் பத்தியில்தான் சொன்னேன். வேண்டுமென்றே முதல் பத்தியில். ஆனால் குற்றவாளி எப்படி அகப்பட்டான் என்பதை நான் எழுதவில்லை. அதை விலை கொடுத்து வாங்குகிறவர்களுக்காக விட்டுவைத்தேன். இந்த வேறுபாடு முக்கியமானது. ஏன் என்று பிறகு தெரியும். “உழைப்பு வீணாயிற்று” என்பதை நான் ஏற்கவில்லை. அன்றும் ஏற்கவில்லை.

1951 முதல் ஜமுனாமரத்தூரில் வனத்துறை அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்தேன். அது சம்பளத்துக்குச் செய்த வேலை. 1953 ஆடி மாதத்திலிருந்து, வேலூரில் மாதம் இருமுறை வந்துகொண்டிருந்த ஒரு பத்திரிகைக்கு நூல் மதிப்புரை எழுதினேன். அதுதான் என் தொழில். ரேஞ்சரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் தொடங்கினேன். தொடங்கிய விதமும் சாதாரணமானது. பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரையில் இருந்த ஆண்டுப் பிழையைச் சுட்டிக் கடிதம் போட்டேன். பிழை பார்க்கிற ஆள் தேவை என்று பதில் வந்தது. கூடவே மூன்று புத்தகங்கள்.

பதில் எழுதியவர் பத்திரிகையின் ஆசிரியர் தணிகாசலம். அச்சுக்கோப்பவராக இருந்து ஆசிரியரானவர். ஈய எழுத்துகளைத் தலைகீழாகவே வேகமாகப் படிப்பார். நாற்காலி இருந்தும் உட்காரமாட்டார். சென்னைப் பதிப்பகத்தாரின் புத்தகங்கள் சென்னைப் பத்திரிகைகளுக்குப் போகும். எங்களுக்கு வந்ததெல்லாம் முதல் பக்கத்தில் “ஆசிரியர் வெளியீடு” என்று போட்டவை. மனைவியின் வளையலை விற்று நாடகம் அச்சடித்தவர், சொந்த ஊர்க் கோயிலுக்கு அந்தாதி பாடியவர், மழைக்குறி பார்க்கும் சோதிடர், மூலிகை வைத்தியர், துப்பறியும் கதை எழுதிய ரயில்வே ஊழியர், இப்படிப் பலர். ஆளுக்கு இரண்டு பிரதிகள் அனுப்ப வேண்டும். ஒன்று அலுவலகத்துக்கு, ஒன்று பஸ்ஸில் மலையேறி எனக்கு வரும்.

அந்தக் காலத்துச் சிறு அச்சகங்களில் வெட்டு இயந்திரம் இருக்காது. தாள்கள் மடித்தபடியே தைக்கப்பட்டு வரும். படிப்பவன்தான் கத்தியால் பக்கங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். தணிகாசலம் திடீரென்று என் பிரதியைத் திருப்பி அனுப்பச் சொல்வார். வெளிச்சத்தில் பிடித்து மடிப்புகளைப் பார்ப்பார். ஒருமுறை அவசரத்தில் சில பக்கங்களைப் பிரிக்காமலே எழுதி மாட்டிக்கொண்டேன்.

“தொண்ணூறாம் பக்கத்தப் பத்தி நாலு வரி எழுதிக்கிற. தொண்ணூறாம் பக்கம் இன்னும் தொறக்கவே இல்லியே. ஜன்னல் வழியா எட்டிப் பாத்தியா?” என்று கேட்டார்.

இன்னொரு பழக்கம்: மதிப்புரையில் ‘அருமை’ என்று எழுதினால் அச்சுக்குப் போகாது. “அந்த எழுத்தெல்லாம் தீந்துப்போச்சிய்யா, வேற சொல்லு குடு” என்பார். ‘அற்புத’த்துக்கும் அவரிடம் எழுத்து இருந்ததில்லை.

அவர் எனக்கு விதித்தவற்றில் இரண்டைத்தான் இங்கே சொல்ல வேண்டும். ஒன்று: எந்தப் புத்தகமானாலும் அதில் சொன்ன ஏதாவது ஒன்றை நீயே கையால் செய்து பார்த்துவிட்டு எழுது. இரண்டு: மர்மக் கதையின் முடிச்சை அவிழ்க்காதே.

முதல் விதியால் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. வாணியம்பாடியிலிருந்து ஓர் அம்மாள் தம் வீட்டுச் சமையலைப் புத்தகமாகப் போட்டிருந்தார். அதைப் பார்த்துப் பிரியாணி செய்தேன். தண்ணீர் அளவு தவறு, கூழாகிவிட்டது. அப்படியே எழுதினேன். அந்த அம்மாள் கோபப்படவில்லை. அரிசி பழையதா புதியதா என்று மட்டும் கேட்டு அஞ்சலட்டை போட்டார். புதிய அரிசி. அடுத்த இதழில் திருத்தம் வெளியிட்டோம். ஒடுகத்தூர் வைத்தியர் ஒருவரின் நூலில் சொன்ன இலையை அரைத்து என் முழங்காலில் கட்டினேன். வலி போகவில்லை, தோல் போனது. அதையும் எழுதினேன். வைத்தியர் நேரில் வந்து, எனக்கு முழங்காலே சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாம் விதியை ஐந்தரை வருடம் மீறியதில்லை. மீறியது ஒரே ஒரு முறை.

1959 தை மாதம் ‘மூன்றாம் மூட்டை’ வந்தது. எழுதியவர் பெயர் ‘கோடைமதி’. புனைபெயர் என்பது தெரிந்தது. கிடைக்குமிடமாக வாணியம்பாடியில் ஓர் அச்சகத்தின் முகவரி மட்டும் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கங்களைப் பிரிக்க ஆரம்பித்து மாலைக்குள் முடித்தேன்.

கதை ஒரு கற்பனை மலையில் நடக்கிறது. அங்கே கடுக்காய் பொறுக்கும் ஒருவன் இறந்து கிடக்கிறான். துப்பறிகிறவன் கொலைக்குக் காரணம் தேடுகிறான். கடுக்காயைத் தோல் பதனிடுவதற்கு வாங்குவார்கள். குத்தகைக்காரர் மலையில் எடை போட்டு வாங்கி, கீழே தோல் கிடங்குகளுக்கு அனுப்புவார். இறந்தவன் அந்த எடையில் நடக்கும் மோசடியைக் கண்டுபிடித்தவன். மோசடி இதுதான். தராசு மரக்கிளையில் தொங்குகிறது. ஒரு பக்கம் எடைக்கல் தட்டு, மறு பக்கம் மூட்டையை மாட்டும் கொக்கி. கிளையில் தராசை ஒரு சாண் தாழக் கட்டிவிட்டால், தராசுக்கோல் நேராக நிற்கும்போது மூட்டையின் அடிப்பாகம் தரையில் உட்கார்ந்திருக்கும். மூட்டையின் பாரத்தில் ஒரு பங்கைப் பூமி தாங்குகிறது. கல் குறைவாக வைத்தாலும் கோல் நேராகவே நிற்கும். முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. கீழே புல் வளர்த்துவிட்டால் குனிந்து பார்த்தாலும் தெரியாது.

துப்பறிகிறவன் கடைசி அத்தியாயத்தில் ஒரு வெற்றிலையை மூட்டைக்கு அடியில் நுழைக்கிறான். நுழையவில்லை, கிழிகிறது. அதோடு குற்றவாளி அகப்படுகிறான்.

நாவலாகப் பார்த்தால் நடுத்தரம். காதல் பகுதி வேண்டாத இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் முதல் விதி இருக்கிறதே. இந்தப் புத்தகத்தில் எதைக் கையால் செய்து பார்ப்பது? கொலையையா?

அடுத்த சந்தை நாளில், கடுக்காய்க் குத்தகைக்காரர் முனிரத்தினத்தின் கிடங்குக்குப் பக்கத்துப் புளியமரத்தடியில் போய் நின்றேன். எட்டு ஆண்டுகளாக அந்த மரத்தைத் தாண்டித்தான் அலுவலகம் போய்க்கொண்டிருந்தேன். முள்ளைத்தான் பார்த்திருந்தேன். அன்று மூட்டைகளின் அடியைப் பார்த்தேன். மூட்டைகளைக் கழற்றியபோது, அவை தொங்கிய இடத்தில் புல் வட்டமாக நசுங்கிக் கிடந்தது. தொங்குகிற மூட்டை புல்லை நசுக்காது.

ஏலத்தில் குத்தகை விடுவதோடு எங்கள் அலுவலக வேலை முடிந்துவிடும். குத்தகைக்காரருக்கும் பொறுக்குகிறவர்களுக்கும் இடையிலான எடை எங்கள் கோப்பில் வராது. என் கையில் இருந்தது ஒரு மதிப்புரை மட்டும். முடிச்சை அவிழ்க்காமல், “விறுவிறுப்பான கதை, இறுதியில் எதிர்பாராத திருப்பம்” என்று எழுதலாம். அந்தப் புத்தகத்தை மலையில் யார் வாங்கப் போகிறார்கள்? வாங்கினாலும் எத்தனை பேர் படிப்பார்கள்? எழுதியவர் எதைச் சொல்ல நினைத்து இத்தனை பக்கம் எழுதினாரோ, அது அந்தப் பக்கங்களுக்குள்ளேயே பத்திரமாகப் புதைந்துகிடக்கும்.

முதல் பத்தியில் தராசை எழுதினேன். வெற்றிலையை எழுதவில்லை. முனிரத்தினத்தின் பெயரையோ எங்கள் மலையின் பெயரையோ எழுதவில்லை. “இம்முறை கற்பனையானதன்று, இவ்வாறு செய்ய முடியும் என்பதை நேரில் சரிபார்த்தேன்” என்று முடித்தேன்.

தபாலில் அனுப்ப மனமில்லாமல் வேலூருக்கு நானே எடுத்துப் போனேன். தணிகாசலம் நின்றபடியே படித்தார்.

“இன்னாய்யா இது? முடிச்ச அவுத்துட்டு நடுத்தெருவுல போட்டுக்கிற?”

“ஆமாங்க.”

“எழுதினவன் வயித்துல அடிக்கிற. தெரியுதா?”

“தெரியுதுங்க. ஆனா அந்த மூட்டைய தூக்கினு வர்றவங்க வயித்துலயும் ஒருத்தன் அடிக்கிறான். அது நெசம்.”

“நேர்ல பாத்தியா, இல்ல மோந்து பாத்தியா?”

“பாத்தேங்க. புல்லு நசுங்கிக் கெடந்துச்சி.”

காகிதத்தை மேசையில் வைத்தார். மை தொட்டு, கீழே நான் போட்டிருந்த முதலெழுத்துகளைக் கோடிட்டு அடித்தார். மதிப்புரைகளுக்கு முதலெழுத்து மட்டும் போடுவதுதான் எங்கள் வழக்கம்.

“விதிய மீறணும்னா முழுப் பேரப் போட்டு மீறு. ஊரும் போடு. அதுக்குத் தைரியம் இருந்தா அச்சு கோக்கச் சொல்றேன். இல்லன்னா நாலு வரியில விறுவிறுப்புன்னு எழுதிக் குடுத்துட்டு பஸ்ஸ புடி.”

முழுப் பெயரையும் எழுதினேன். ஊரையும் எழுதினேன். மாசி இரண்டாம் இதழில் வந்தது.

அந்தப் பத்திரிகை மலைக்கு இரண்டு பிரதிகள் வரும். ஒன்று எனக்கு, மற்றது சந்தை ஓரத்தில் டீக்கடை வைத்திருந்த காதர் பாய்க்கு. வாணியம்பாடியிலிருந்து வந்து கடை போட்டவர். படிக்கத் தெரியாதவர்களுக்காக உரக்கப் படிப்பார். கடையில் கூட்டம் நிற்பதற்கு டீ மட்டும் காரணமல்ல. அன்று அவர் மதிப்புரையைப் படித்து முடித்ததும், வெள்ளச்சி என்கிற மலைக்காரப் பெண் தம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நேராகப் புளியமரத்தடிக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

“தராச கொஞ்சம் ஏத்திக் கட்டு நைனா” என்றார் எடை போடுகிறவனிடம்.

“இன்னாத்துக்கு?”

“பாயி படிச்சாரு. பேப்பர்ல போட்டுட்டானாம்.”

“பேப்பர்ல ஆயிரம் போடுவான். ரெண்டு தலையோட கன்னுக்குட்டி பொறந்துச்சின்னு கூடத்தான் போட்டான்.”

“அந்தக் கன்னுக்குட்டிய நான் பாக்கல. என் மூட்டைய பாத்துக்கினுதான கீறேன். ஏத்திக் கட்டு.”

அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் மூட்டைகளைக் கீழே வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்கள். யாரும் சத்தம் போடவில்லை. பொழுது சாய்வதற்குள் தராசு ஒரு சாண் மேலே ஏறியது.

மறு ஞாயிறு முனிரத்தினம் என் வீட்டுக்கு வந்தார். கூடவே அவருடைய கணக்குப்பிள்ளை ஏகாம்பரம், தோல் பையை மார்போடு அணைத்துக்கொண்டு. ஒல்லியான மனிதர். சந்தை நாள்தோறும் அந்தத் தராசுக்குப் பக்கத்தில் நின்று எடையைக் குறிப்பவர் அவர்தான். அவர் வாய் திறந்து பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

“நீதானா அந்த எழுத்தாளரு?” என்றார் முனிரத்தினம்.

“மதிப்புரை எழுதினது நான். கதை எழுதினவர் வேறங்க.”

“இந்த மலையில பேனா புடிக்கிறவன் எத்தினி பேரு? நீயே எழுதிட்டு நீயே பேஷ்னு சொல்லிக்கினியா?”

“பேஷ்னு சொல்லலீங்க. நடுத்தரம்னு எழுதியிருக்கேன். காதல் சரியில்லன்னும் எழுதியிருக்கேன்.”

“கிண்டலா? என் மரத்த எழுதி வெச்சிக்கினு, கிண்டல் வேறயா?”

“அது ஏதோ கற்பனை மலைங்க. உங்க மரம்னு புஸ்தகத்துலயும் இல்ல, நானும் எழுதல. இப்ப நீங்கதான் சொல்றீங்க.”

அவர் முகம் சிவந்தது. “பொஸ்தகத்த நானும் பாக்கல, இவரும் பாக்கல. பேப்பர்ல நீ எழுதினதுதான் எங்களுக்குத் தெரியும்.” ஏகாம்பரம் ஆமாம் என்று தலையாட்டினார். “மூட்டை தரையில உக்காருதாம்! புல்லு மண்டின எடத்துல எவன் குனிஞ்சி பாத்தான்? எப்பிடித் தெரியும் அவனுக்கு? சொல்லு பாக்கலாம்.”

எனக்கு முன்னால் ஏகாம்பரம் பதில் சொன்னார். தரையைப் பார்த்தபடி, கணக்குச் சொல்கிற குரலில் சொன்னார்:

“ஒரு வெத்தலைய உள்ள வுட்டுப் பாத்தா தெரிஞ்சிடுமுங்க.”

“நீ கம்முனு கெடய்யா” என்று அதட்டிவிட்டு முனிரத்தினம் என் பக்கம் திரும்பினார். அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. மதிப்புரையில் வெற்றிலை இல்லை. அது புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் மட்டுமே இருந்தது. புத்தகத்தைப் பார்க்கவில்லை என்று ஒரு நிமிடத்துக்கு முன்தான் இவர் தலையாட்டினார்.

ஏகாம்பரமும் அதை உணர்ந்துவிட்டார். பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். நிமிர்ந்து ஒரே ஒரு முறை என்னைப் பார்த்தார்.

“கடைசியாச் சொல்றேன்” என்றார் முனிரத்தினம். “எழுதினவன் பேர சொல்லு, உன்ன வுட்டுடறேன். இல்லன்னா நீதான் எழுதினேன்னு மேல மனு போடுவேன். கவர்மெண்டு உத்தியோகத்துல இருந்துக்கினு குத்தகைக்காரன் மேல கதை எழுதினா இன்னா ஆவும்னு உனுக்கே தெரியும்.”

தெரியும். அனுமதி வாங்கியிருந்தது மதிப்புரைக்குத்தான், நாவலுக்கு அல்ல. முனிரத்தினம் ஏலத்தில் பெரிய புள்ளி. அவர் போடும் மனுவை யாரும் ஓரமாக வைக்கமாட்டார்கள். என் கண்ணை ஏகாம்பரம் நின்ற இடது பக்கம் கொஞ்சம் திருப்பியிருந்தால் போதும், மனு தேவைப்பட்டிருக்காது.

“போடுங்க” என்றேன். “தேதிய மறக்காம போடுங்க. தேதி இல்லாத மனுவ எங்க ஆபீஸ்ல எடுத்துக்கறதில்ல.”

மனு வந்தது. தேதி போட்டிருந்தது. ரேஞ்சர் என்னைக் கூப்பிட்டு, “நீர் எழுதினதா?” என்றார்.

“இல்லீங்க.”

“யார்னு தெரியுமா?”

“தெரிஞ்சதையெல்லாம் பத்திரிகையில எழுதிட்டேங்க. சந்தேகத்த எழுதற பழக்கம் எனக்கு இல்ல.”

அவர் ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். அந்த வாக்கியத்தை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். அடுத்த ஆண்டு அமிர்திக்கு மாற்றல் வந்தது. வழக்கமான மாற்றல் என்று உத்தரவு சொன்னது. நானும் அப்படியே வைத்துக்கொண்டேன். அமிர்தியிலிருந்தும் மதிப்புரை எழுதினேன், 1967இல் பத்திரிகை நிற்கும்வரை. கடைசிவரை முழுப் பெயர் போட்டு எழுதினேன். முதலெழுத்துக்குத் திரும்பவில்லை.

மாற்றலுக்கு முன்பே தணிகாசலம் ஒரு செய்தி சொல்லியனுப்பினார். முடிச்சை அவிழ்த்துவிட்டதில் ‘கோடைமதி’க்கு வருத்தம் என்று அச்சகத்தார் அவரிடம் சொன்னார்களாம். “பொஸ்தகத்தச் சாவடிச்சிட்டாரு” என்பது அவர் வாய்ச்சொல்லாம். திருவண்ணாமலைக் குறிப்பு எழுதியவர் இதைத்தான் எங்கேயோ கேட்டிருக்க வேண்டும். வருத்தப்பட நூலாசிரியருக்கு உரிமை உண்டு. விற்காத பிரதிகளுக்கு நான் பொறுப்பு என்றால் பொறுப்புதான். ஆனால் பயந்தோ ஒதுங்கியோ இருக்க விரும்பியவர் அந்தத் தராசை அச்சில் ஏற்றியிருக்க மாட்டார். தராசு மேலே ஏற வேண்டும் என்று நினைத்துத்தான் எழுதினார். ஏறியது. மர்மக் கதையின் முடிச்சை அவிழ்க்கக் கூடாது என்பது நல்ல விதி. கதைக்குள்ளே மட்டும் ஒருவன் ஏமாற்றப்படும்வரை அது நல்ல விதி. மறுபடி அந்தப் புத்தகம் என் கைக்கு வந்தால் மறுபடியும் முதல் பத்தியில்தான் எழுதுவேன்.

முனிரத்தினம் என் வீட்டுக்கு வந்துபோனதற்கு அடுத்த சந்தை நாளில் நடந்ததையும் குறித்து வைத்திருக்கிறேன். தராசு மேலேதான் இருந்தது. வெள்ளச்சி தம் மூட்டை கொக்கியில் ஏறியதும், இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்தார். குனிந்து மூட்டைக்கு அடியில் இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுத்தார். கிழியவில்லை. அதையே மடித்து வாயில் போட்டுக்கொண்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் அப்படியே செய்தார்கள். ஏகாம்பரம் பக்கத்தில் நின்று எடையை எழுதிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

என் பிரதி பூட்டிய பெட்டியில் இருந்தது. காதர் பாய் படித்ததில் வெற்றிலை இல்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளச்சியிடமே கேட்டேன்.

“இத யாரும்மா உனக்குச் சொன்னது?”

“எவனோ ஒரு மனுசன் சொன்னான்யா. நல்லது சொன்னவனப் புடிச்சி வெச்சிக்கினு பேரு கேட்டுக்கினா இருப்பாங்க?”

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். குறிப்பை மறுபடி அச்சிட்டால் என் பெயரை அந்தத் தலைப்பின் கீழேயே விட்டுவையுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை. “குற்றவாளி எப்படி அகப்பட்டான்” என்ற சொற்களை மட்டும் நீக்குங்கள்; அதை நான் எழுதவில்லை. நூலாசிரியர் யார் என்று கேட்பவர்களுக்கு ஏகாம்பரத்தின் பெயரைக் கொடுத்துவிடாதீர்கள். அவர் எழுதியவராக இருக்கலாம். முதலாளிக்குத் தெரியாமல் வாங்கிப் படித்த வாசகராகவும் இருக்கலாம். 1964க்குப் பிறகு அவர் எங்கே போனார் என்று தெரியவில்லை. அச்சகமும் இல்லை. நானும் நேரில் அவரிடம் கேட்கவில்லை. எனவே இப்படிப் போடுங்கள்: ‘மூன்றாம் மூட்டை’, ஆசிரியர் வெளியீடு, 1959. ஆசிரியர்: சரிபார்க்கப்படவில்லை.